குறித்துக்கொள்ளப்பட்டது

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட், நூலகத்தின் பின்கூடம்.
வார்டு கூட்டத்துக்குக் குறிப்பெழுதுகிறவள் நான்.
இருபத்திரண்டு வருடம்.
தெருவிளக்கு, குப்பை வண்டி, குழாய் உடைப்பு,
எதன் கீழும் ஒரே சொல்லை எழுதிக்
கை பழகிவிட்டது:
குறித்துக்கொள்ளப்பட்டது.

நிரலில் பதின்மூன்றாவது, வாகன நிறுத்தம்.
பதினான்காவது, இளைஞர்.
பதினைந்தாவது, தேநீர்.

அன்றைக்கு நான்கு பேர் வந்தார்கள், பள்ளிச் சீருடையில்.
வாசலிலேயே ஆளுக்கொரு மஞ்சள் டி-ஷர்ட்,
நெஞ்சில் ‘நாளைய தலைவர்கள்’ என்று அச்சடித்தது.
இரண்டு பேருக்கு முழங்கால் வரை தொங்கியது.
போட்டோ எடுத்தார்கள்.
பிறகு கடைசி வரிசையைக் காட்டினார்கள்.

அவர்கள் முறை வந்தபோது மணி ஒன்பது,
பாதி நாற்காலி காலி.
சமோசாத் தட்டைப் பார்த்தபடி தலைவர் சொன்னார்:
“இரண்டு நிமிஷம், பிள்ளைகளே.”

யுகேந்திரி எழுந்தாள். பதினாறு இருக்கும்.
பக்கத்தில் நொக்வாசி, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்,
கையில் கணக்கு நோட்டு.
சொற்பொழிவு எதுவும் இல்லை. வாசித்தார்கள்.

வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோய் இருபத்தாறு மாதம்.
இப்போது இருப்பது இரண்டு மரக்கட்டை, ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கதவு.
மூன்று வாரம், காலை ஐந்தரை முதல் ஏழரை வரை எண்ணினோம்.
நாளொன்றுக்குச் சராசரி நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தவர்கள் முந்நூறு.
பிள்ளையை முதுகில் கட்டியவர்கள் இருபத்தேழு.
மூன்று வாரத்தில் விழுந்தவர்கள் ஒன்பது.
“பத்தாவது நான்” என்றான் தேஷேந்திரன்,
கட்டுப்போட்ட மணிக்கட்டைத் தூக்கி.
வெல்டர் இலியாஸ் பாய் தந்த மதிப்பீடு
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ராண்ட்.
போன வருடம் இளைஞர் மேம்பாட்டுக்குச் செலவானது,
டி-ஷர்ட், பந்தல், ஒலிபெருக்கி,
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

நொக்வாசி நான்கு சட்டைகளையும் மடித்து
மேசைமேல் வைத்தாள்.

“ஓட்டுப் போடும் வயசு வரட்டும்” என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள். நானும்தான், பழக்கதோஷம்.

யுகேந்திரி பதில் சொன்னாள். ஆங்கிலத்தில்தான்.
என் தலைக்குள் அது தமிழில் வந்து விழுந்தது:
எங்களிடம் வாக்கு இல்லை.
நீங்கள் கொடுத்த வாக்குதான் இருக்கிறது.

தலைவர் தொண்டையைச் செருமி
என் பக்கம் திரும்பினார்.
“குறித்துக்கொள்ளப்பட்டது.”

“யாரால்?” என்றாள் நொக்வாசி.
“என்ன?”
“யார் குறித்துக்கொண்டார்? என்றைக்குள் செய்வார்?”

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கரும்பலகை, சுண்ணாம்புத் தூசி.
செயப்பாட்டு வினை:
செய்தவனைச் சொல்லாமலே வாக்கியம் நடந்துவிடும்.
இருபத்திரண்டு வருடமாக
எழுவாய் இல்லாத வாக்கியங்களால்
இந்த வார்டை நிரப்பியிருக்கிறேன்.

நான்கு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பொருள் பதினான்கு, நடைபாலம், என்று எழுதினேன்.
பொறுப்பு, என்று எழுதி நிறுத்தினேன்.
“பெயர் சொல்லுங்கள்.”
என் குரலை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை.
சமோசா ஆறிக்கொண்டிருந்தது.
சாலைத்துறைப் பொறியாளர் சிபியா கை தூக்கினார்,
வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போல, பாதி.
“ஜூன் முப்பது. வரைபடம் மட்டும். பாலம் இல்லை.”
வரைபடம் மட்டும், பாலம் இல்லை,
அதையும் எழுதினேன்.

நேற்று ஜூன் முப்பது.
வரைபடம் வரவில்லை.
ராத்திரியே அடுத்த நிரலைத் தட்டச்சு செய்துவிட்டேன்.
பாலம் முதல் பொருள். யாரையும் கேட்கவில்லை.

இன்று காலை ஐந்தரைக்கு ஓடைக்குப் போனேன்.
குளிர். இருட்டு. ஃபோன் வெளிச்சத்தில்
தேஷேந்திரன் நோட்டோடு உட்கார்ந்திருந்தான்,
இடது கையால் எழுதிக்கொண்டு.
வணக்கம் சொல்லவில்லை, எண்ணிக்கை தவறிவிடுமாம்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
ஃப்ரிட்ஜ் கதவு காலுக்குக் கீழே ஆடியது.
எனக்குப் பின்னால்
பென்சில் ஒரு கோடு போடும் சத்தம்.